சட்டைப் பையில் இரண்டு கரடிகள்

இப்போதெல்லாம் யாரும் எதையும் கண்ணால் பார்த்து நம்புவதில்லை. போனில் பார்த்தால்தான் நம்புகிறார்கள். மழை பெய்கிறதா என்று ஜன்னலைத் திறக்காமல் போனைத் தடவிப் பார்க்கிறார்கள். பெற்ற பிள்ளைக்குப் பசிக்கிறதா என்பதையும் ஒருநாள் அதில்தான் பார்ப்பார்கள் என்று தச்சர் நினைத்துக்கொண்டார். சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்?

சமையலறையில் மருமகள் போனை உப்பு டப்பாமேல் சாய்த்து வைத்திருந்தாள். அதற்குள்ளிருந்து ஒருத்தி ஓயாமல் சிரித்துக்கொண்டே பேசினாள். பழச்சாறில் குழந்தைகளுக்கு மிட்டாய் செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிறாளாம். மென்றால் ரப்பர் மாதிரி இழுபடுமே, கரடி உருவத்தில் கடையில் விற்கிறதே, அந்த மிட்டாய். சாயம் கிடையாது, சர்க்கரை கிடையாது, இனிப்புக்கு இரண்டு கரண்டி தேன் போதும் என்றாள். அடுப்பு வேலை செய்கிறவள் யாராவது அவ்வளவு சிரிப்பாளா? அவள் சட்டையில் ஒரு கறை இல்லை. அப்போதே அவருக்கு நம்பிக்கை போய்விட்டது.

மருமகள் சிரிக்கவில்லை. அன்று விடிகாலை ஷிஃப்ட். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்திருந்தாள். நீராவியில் விரலெல்லாம் ஊறி உப்பிப் போயிருந்தது. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றபடி அன்னாசித் துண்டுகளை அரைத்து வடிகட்டினாள். அவள் புருஷன், அதாவது தச்சரின் மகன், லாரி ஓட்டுகிறான். வாரத்தில் ஒரு நாள் வந்து தூங்கிவிட்டுப் போவான்.

கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, பாக்கெட்டிலிருந்த பழுப்புத் தூளை அதில் தூவினாள். தூள் ஊறி உப்பியது. வாடை வந்தது. தச்சருக்கு மூக்கு விடைத்தது.

"ஏம்மா, இது என்ன?"

"ஜெலட்டின் மாமா. இதுதான் உறைய வைக்கும்."

"எதுல செய்யறான்?"

மருமகள் பாக்கெட்டைத் திருப்பிப் படித்தாள். "மாட்டுத் தோலு, எலும்பு."

"வச்சிரம்னு சொல்லு."

"என்னது?"

"மரம் ஒட்டற பசை. நாப்பது வருஷம் இதைத்தான் காய்ச்சினேன். நாற்காலிக் காலை ஒட்டறதைப் புள்ளைக்கு ஊட்டப்போற."

"இது சாப்பிடறதுக்குன்னு சுத்தமா செய்யறாங்க மாமா."

"கழுதையைக் குளிப்பாட்டினா குதிரையாயிடுமா?"

அவள் வடிகட்டியைத் தட்டிக் கழுவினாள். பதில் சொல்லும் அளவுக்கு உடம்பில் தெம்பு இல்லை. அது தச்சருக்கும் தெரிந்தது. தெரிந்தும் அங்கேயே வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். அவருக்கு அந்தப் பாத்திரத்தின்மேல் ஒரு பகை இருந்தது. அது பசையைப் பற்றியதே அல்ல.

விஷயம் இதுதான். பேத்திக்கு ஆறு வயது. எங்கே சர்க்கரையை ஒளித்தாலும் மோப்பம் பிடித்துவிடுவாள் என்பதால் வீட்டில் அவள் பெயர் எறும்பு. முட்டி தேய்ந்து வேலையை விட்டபிறகு தச்சர் ஜன்னலோர நாற்காலியில் கிடந்தார். பழைய சிநேகிதர்களில் பாதிப்பேர் போய்ச் சேர்ந்தாயிற்று. மீதிப்பேருக்குக் காது கேட்காது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எறும்பு நேராக அவர் நாற்காலிக்குத்தான் வருவாள். கேட்கமாட்டாள். அவர் சட்டைப் பைக்குள் கையை விடுவாள். அங்கே கடை மிட்டாய் இரண்டு இருக்கும். அதைத் தின்று முடிக்கும்வரை நாற்காலிக் கைமேல் உட்கார்ந்து, வகுப்பில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்று சொல்லுவாள். நாள் முழுக்க அவரிடம் ஒரு மனுஷி வாய் திறந்து பேசுவது அந்தக் கால் மணி நேரம்தான்.

போன மாதம் பல் டாக்டர் எறும்பின் நான்கு பற்களைக் குடைந்து அடைத்தார். யார் இவ்வளவு மிட்டாய் கொடுப்பது என்று கேட்டார். யாரும் கொடுப்பதில்லையே என்றாள் மருமகள். சலவைக்காரி எந்தத் துணியையும் பையைத் திருப்பிப் பார்க்காமல் தண்ணீரில் போடமாட்டாள். மறுநாள் மாமனாரின் சட்டைப் பையைத் திருப்பினாள். பதினோரு மிட்டாய்க் காகிதங்கள். அவற்றை ஒரு கிண்ணத்தில் போட்டு அவர் மாத்திரை வைக்கும் இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். அன்றிலிருந்து அவர் பை காலி. எறும்பு நான்கு நாள் வந்து கையை விட்டுப் பார்த்தாள். ஐந்தாம் நாள் வரவில்லை.

இப்போது வீட்டிலேயே மிட்டாய். அம்மா கையால் மிட்டாய். அப்புறம் கிழவன் எதற்கு?

மருமகள் அன்னாசிச் சாற்றை அடுப்பில் வைத்து, ஊறிய தூளையும் தேனையும் சேர்த்துக் கிளறினாள். கீழே பள்ளி வேனின் ஹாரன் கேட்டது.

"மாமா, நான் போய் அவளைக் கூட்டிட்டு வந்துடறேன். கரைஞ்சதும் இறக்கிடுங்க. கொதிக்கக் கூடாதாம். கொதிச்சா உறையாதாம்."

"எனக்குத் தெரியாதா?"

அவள் மாடிப்படி இறங்கும் சத்தம் தேய்ந்தது. தச்சர் அடுப்பின் முன் நின்றார். தூள் கரைந்து சாறு மினுங்கியது. ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழாகக் கட்டத் தொடங்கியது. சும்மா நின்றால் போதும். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். கிழவனுக்குக் கண் தெரியவில்லை, பாவம் என்று விட்டுவிடுவார்கள். கரடியும் கிடையாது, கத்திரிக்காயும் கிடையாது. வலிக்காமல் காரியம் முடிந்துவிடும்.

குமிழ் பெரிதாயிற்று.

கொதித்த வச்சிரத்துக்குப் பிடிப்பு இருக்காது. அதில் ஒட்டிய நாற்காலி மூன்றே மாதத்தில் கால் கழன்று ஆளைக் கவிழ்க்கும். நாற்பது வருஷத்தில் அவர் கையால் ஒரு சட்டி கொதித்ததில்லை. பெண்டாட்டி செத்த அன்றுகூடப் பட்டறைக்கு ஆள் அனுப்பி, அடுப்பிலிருந்ததை இறக்கச் சொன்னவர் அவர்.

"சனியன்," என்று சொல்லி, துணியால் பிடித்து இறக்கி வைத்தார்.

மருமகள் வந்து கரடி அச்சில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தாள். எறும்பு சாயங்காலம் முழுக்க ஃப்ரிட்ஜ் கதவின்முன் உட்கார்ந்திருந்தாள். நாற்காலிப் பக்கம் திரும்பவில்லை.

காலையில் அச்சை எடுத்துப் பார்த்தால் ஊற்றியது ஊற்றியபடியே இருந்தது. ஒரு கரடிகூட உறையவில்லை. மருமகள் அச்சைச் சாய்த்தாள், மஞ்சள் தண்ணீர் வழிந்தது.

"கரடியெல்லாம் குளிக்குதும்மா," என்றாள் எறும்பு.

மருமகள் அவரைப் பார்த்தாள். "கொதிச்சிடுச்சா மாமா?"

"இல்ல."

"லேசா?"

"இல்லங்கறேன்."

"சரி, பரவால்ல மாமா."

அந்தப் பரவாயில்லை அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. நம்பவில்லை என்பதை இதைவிடப் பணிவாக யாரும் சொல்ல முடியாது. மிட்டாய்க் காகிதத்தை ஒளித்தவன் எதையும் செய்வான் என்று அவள் கணக்குப் போட்டுவிட்டாள். திருடினபோது பிடிபட்டது நியாயம். திருடாதபோது பிடிபடுவது என்ன நியாயம்? அவள் வேலைக்குப் போனதும், முட்டி கெஞ்சக் கெஞ்ச இரண்டு மாடி இறங்கித் தெருமுனைப் பழக்கடைக்குப் போனார்.

பழக்காரி அன்னாசிக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"நேத்து என்னத்தைத் தள்ளிவிட்ட எங்க வீட்டுத் தலையில?"

"வாங்க பெரியவரே. வரும்போதே சண்டையோட வரீங்க. பழம் புளிச்சுதா?"

"வச்சிரம் போட்டும் உறையல. உன் பழத்துல என்னமோ இருக்கு."

அவர் நடந்ததைச் சொன்னார். பழக்காரி கத்தியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்து நீட்டினாள். விரல் நுனியெல்லாம் மழுங்கி வழவழவென்றிருந்தது.

"பாத்தீங்களா? ரேஷன் மெஷின்ல விரல வெச்சா நான் ஆளே இல்லங்குது. ரேகையெல்லாம் இந்தப் பழம் தின்னுடுச்சு. பச்சையாத் தின்னா நாக்கு அரிக்குதில்ல, அதேதான். தோலையே தின்னுது, தோலுல செஞ்ச பசைய விடுமா?"

"அப்ப அந்தப் போன்காரி செஞ்சாளே?"

"அவ டப்பால அடைச்ச சாறு ஊத்தியிருப்பா. அது ஏற்கெனவே வெந்தது. நல்லாக் கொதிச்சா இதோட வீரியம் செத்துடும். நீங்க மட்டும் அடுப்புல விட்டுக் கொதிக்க வெச்சிருந்தீங்கன்னா, ஒருவேளை உறைஞ்சிருக்கும்."

தச்சர் பழக்கூடையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன பெரியவரே, மயக்கம் வருதா?"

"ஒண்ணுமில்ல. நல்லது செஞ்சேன். அதான்."

வீட்டுக்குத் திரும்பும்போது படிக்கட்டின் நடுவில் மூச்சு வாங்க உட்கார்ந்தார். சொல்லாமல் விட்டால் மருமகள் மறுபடி அன்னாசியை அரைப்பாள், மறுபடி தண்ணீர்தான் வரும். எறும்புக்கு அன்னாசியைத் தவிர வேறு பழம் இறங்காது. மூன்று தடவை தோற்றால் அவளே விட்டுவிடுவாள், களைத்தவள். அப்புறம் பை இருக்கிறது, கடை இருக்கிறது. ஆனால் தோற்கும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பரவாயில்லையைக் கேட்க வேண்டியிருக்கும். நாற்பது வருஷத்துக் கையை ஒரு பழத்துக்காக மருமகள் குறை சொல்வதா?

சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டார்.

"பழத்தோட குத்தம். சாறைத் தனியாக் கொதிக்க விடு, அஞ்சு நிமிஷம். கொஞ்சம் ஆறினப்புறம் வச்சிரத்தைப் போடு. நான் கொதிக்க விடல."

மருமகள் ஒரு செருப்போடு நின்றாள். "யார் சொன்னாங்க?"

"பழக்காரி. விரலைக் காட்டினா. போய்ப் பாத்துக்கோ."

"இதுக்காகவா ரெண்டு மாடி இறங்கினீங்க?"

"நான் கொதிக்க விடலன்னு சொன்னேன்."

"சரி மாமா," என்றாள். இந்தத் தடவை அந்தப் பரவாயில்லை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கரடிகள் உறைந்து நின்றன. மஞ்சளாக, காது மூக்கோடு, தட்டினால் ஆடின. எறும்பு மூன்று தின்றாள். தச்சருக்கும் ஒன்று கொடுத்தார்கள். மென்றார். புளிப்பும் தேனுமாக இருந்தது. தொண்டைக்குள் பழைய பட்டறை வாடை எட்டிப் பார்த்தது, அல்லது அவருக்கு அப்படித் தோன்றியது.

"எப்படி மாமா?"

"பல்லுல ஒட்டுது."

நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நினைத்ததுதான் நடந்துவிட்டது. இனிமேல் அவளுக்கு ஃப்ரிட்ஜ் கதவு போதும். தெருவில் ஒருவன் மூட்டையை இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு சின்னக் கை பைக்குள் நுழைந்தது. துழாவியது. வெளியே வந்தது.

"ஒண்ணும் இல்லையே தாத்தா."

"இல்ல. அதான் உங்கம்மா செய்யறாளே."

எறும்பு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தாள். ஈரக் கையால் இரண்டு கரடிகளை எடுத்து அவர் பைக்குள் போட்டாள்.

"என்னடி இது?"

"சாயங்காலம் வந்து எடுப்பேன். நீங்க தின்னுடக் கூடாது."

"நான் எதுக்குத் திங்கப்போறேன்?"

"பையில பத்திரமா வெச்சுக்கோங்க."

அப்படியே வைத்துக்கொண்டார். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனபோதும் ஒரு கை பைமேல் இருந்தது. மத்தியானம் நாற்காலியிலேயே கண் அசந்தார். விழித்தபோது நெஞ்சு ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்தார். விரலை விட்டால் கரடிகள் இல்லை. உடம்புச் சூட்டில் உருகி, பை முழுக்க மஞ்சள் கூழ். ஓரத்தில் ஒரு காது மட்டும் மிச்சம்.

நேராகச் சமையலறைக்குப் போனார்.

"பாத்தியா உன் மிட்டாயோட லட்சணத்தை? கடை மிட்டாய் பையில ஒரு வாரம் கிடக்கும். கல்லு மாதிரி இருக்கும்."

மருமகள் சட்டையைப் பார்த்தாள். கை வாயை மூடியது. தோள் மட்டும் குலுங்கியது. அவள் சிரித்து அவர் பார்த்து மாதக்கணக்காயிற்று.

"அதுல என்னத்தைப் போட்டா ஒரு வாரம் உருகாம கிடக்கும்னு என்னிக்காவது யோசிச்சீங்களா மாமா?"

"நான் எதுக்கு யோசிக்கணும்?"

"கழட்டுங்க, அலசிப் போடறேன்." அவள் ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு மூடி போட்ட சின்ன டப்பாவை எடுத்தாள். "இது உங்க டப்பா. ஒரு நாளைக்கு ரெண்டு. நான் வேலையில இருப்பேன், நீங்கதான் குடுக்கணும். நாற்காலிய வேணும்னா ஃப்ரிட்ஜ் பக்கத்துல போட்டுக்கோங்க."

"ஃப்ரிட்ஜ் பக்கத்துல ஜன்னல் இருக்கா?"

"இல்ல."

"அப்புறம்? சுவத்தைப் பாத்துட்டு உக்காரவா?"

"அவ உக்காருவாளே மாமா, பக்கத்துல."

"மிட்டாய் இருக்கறவரைக்கும் உக்காருவா. அப்புறம் எல்லாரையும் போல போயிடுவா. எனக்குத் தெரியாதா?"

டப்பாவை அவர் வாங்கவில்லை. அவளும் திருப்பி உள்ளே வைக்கவில்லை. மேடைமேல் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தாள். தச்சர் கூடம்வரை போய், திரும்பி வந்து, டப்பாவைத் தூக்கி ஃப்ரிட்ஜுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்.

"வெளிய வெச்சா இதுவும் உருகும்," என்றார். "பசைன்னா பசைதான். நீங்க என்ன பேரு வேணா வெச்சுக்கோங்க."

ஒட்டிக்கொண்ட சட்டையை நெஞ்சிலிருந்து பிய்த்துப் பிடித்தபடி, காலை இழுத்து இழுத்து, ஜன்னலோர நாற்காலியைப் பார்த்து நடந்தார்.