நிழலுக்கு இழுத்த பத்தடி

என் தங்கச்சி புருஷனும் நானும் காட்டுக்குள் மின்கோபுரங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தோம். ரோட்டிலிருந்து மூன்று மணி நேரம் நடந்தால்தான் அந்தக் கோபுரம் வரும். இறங்கும்போது மாப்பிள்ளை பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியை மாட்டவில்லை. இரண்டு ஆள் உயரத்திலிருந்து பாறைமேல் மல்லாக்க விழுந்தான்.

வயர்லெஸ் ரேடியோவில் ஆபீசுக்குச் சொன்னேன். "ஆள் வர நாலு மணி நேரம் ஆகும். அவரை அசைச்சிடாதீங்க" என்றார்கள்.

அது எனக்கே தெரியும். முதலுதவி வகுப்பில் இரண்டு நாள் உட்கார்ந்து சான்றிதழ் வாங்கியவன் நான். அவன் பூட்ஸைக் கழற்றி விரலை ஆட்டச் சொன்னேன். ஆட்டினான். தலை திரும்பாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

உச்சி வெயில். "மச்சான், பாறை கொதிக்குது. அந்த மரத்தடிக்கு இழுத்துடேன்."

"கூடாதுடா. பொறுத்துக்கோ."

"விரல்தான் ஆடுதே. இன்னும் எழுந்து டான்ஸ் ஆடிக் காட்டணுமா?"

அரைமணி நேரம் கெஞ்சினான். அப்புறம் அழுதான். என்னால் தாங்க முடியவில்லை. அக்குளில் கைகொடுத்து இழுத்தேன். பத்தடிதான் இருக்கும். நடுவில் ஒரு கல் தடுக்கி அவன் இடுப்பு தூக்கிப்போட்டு இறங்கியது.

நிழலில், "வலியே இல்ல மச்சான்" என்றான்.

"விரலை ஆட்டு."

"ஆட்டிட்டுதானே இருக்கேன்."

விரல்கள் அசையவில்லை.

சட்டையைக் கழற்றி அவன்மேல் நிழல் பிடித்திருக்கலாம். அது எனக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் தோன்றியது.

தண்டுவடத்தில் அடி, இனி நடப்பது கஷ்டம் என்றார் டாக்டர். விழுந்ததிலேயே ஆகியிருக்கலாம் என்றும் சொன்னார். வீட்டில் எல்லோரும் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். "அண்ணன் மட்டும் கூட இல்லன்னா..." என்று தங்கச்சி வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று நினைத்தார்கள்.

மூன்று வாரம் கழித்து, அடுப்படியில் அவள் தனியாக இருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குழாயை மூடினாள்.

பக்கத்து அறைக் கட்டிலிலிருந்து மாப்பிள்ளைதான் குரல் கொடுத்தான். "நான்தானே இழுக்கச் சொன்னேன்."

"உங்களுக்குத் தெரியாது. அண்ணனுக்குத் தெரியும்ல?" என்றாள் அவள். என்னைப் பார்க்கவில்லை.

இப்போதும் தினமும் காலையில் போகிறேன். இரண்டு பேருமாக அவனைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைப்போம். "பிடி", "மெதுவா", "போதும்". அவள் என்னிடம் பேசுவது அவ்வளவுதான்.