பதினொன்றரை மணிக் காட்சி

பள்ளிக்கூட வேனில் ஆயாவாக இருந்த பூங்காவனத்துக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் கதாநாயகி ஆகும் யோகம் அடித்தது. பெயர் தெரிந்த நடிகையைப் போடப் படத்தில் காசில்லை என்பதுதான் காரணம்.

விஷ்ணு தேனிப் பக்கத்திலிருந்து வந்து, பருத்திப்பட்டில் பிளாட் வாங்கி, ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே சினிமா எடுக்க ஆசைப்பட்டவன். வேனில் ஏற மாட்டேன் என்று அழுது புரண்ட அவன் மகளைப் பூங்காவனம் ஒருநாள் கதை சொல்லியே ஏற்றிவிட்டாள். அதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் மறுநாள், "அம்மா, ஒரு படத்துல நடிக்கிறீங்களா?" என்று கேட்டான். மொத்தச் செலவே நாற்பத்திரண்டு லட்சம். அதில் பாதி அவனுடைய கடன், மீதி ஐந்து நண்பர்கள் போட்டது. விசாரித்த நடிகை ஆறு லட்சம் கேட்டாராம். பூங்காவனத்துக்கு நாளொன்றுக்கு இரண்டாயிரம், பதினெட்டு நாள்.

ஆனால் அந்தப் பதினெட்டு நாளில் அவளைக் கட்டிப்போட்டது அந்தக் காசு அல்ல. ஒவ்வொரு காட்சிக்கு முன்னாலும் விஷ்ணு அவளருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "இந்த இடத்துல உங்க மனசுல என்னம்மா ஓடும்?" என்று கேட்பான். பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, அப்படி யாரும் அவளைக் கேட்டதில்லை. அவள் யோசித்துப் பதில் சொல்லும்வரை முப்பது பேர் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள்.

அதன்பிறகு இரண்டரை வருஷம் படம் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. ஓ.டி.டி.க்காரர்கள் முதலில் தியேட்டரில் ஓட்டிவிட்டு வா என்றார்கள். தியேட்டர்காரர்கள் இதில் யார் நடித்திருக்கிறார்கள் என்று கேட்டார்கள். பூங்காவனம் மாதம் தவறாமல் விஷ்ணுவுக்குப் போன் போடுவாள்.

"சார், படம் எப்ப வரும்?"

"வந்துரும்மா."

கடைசியில் இன்னும் ஒன்பது லட்சம் புரட்டி, இருபத்திரண்டு தியேட்டரில் தலா ஒரு காட்சி பிடித்தான். ஆவடியில் கிடைத்தது பதினொன்றரை மணிக் காட்சி. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்ட பிறகு பிற்பகல் இரண்டரை வரை பூங்காவனத்துக்கு வேலை கிடையாது. அவளுக்காகவே வைத்த காட்சி போல இருந்தது.

வெள்ளிக்கிழமை நாற்பத்தாறு பேர். அதில் பாதிப்பேர் அவள் தெருக்காரர்கள். அவள் திரையில் வரும்போதெல்லாம் விசிலடித்தார்கள், போனில் படம் பிடித்தார்கள், பக்கத்தில் உட்கார்ந்த நாத்தனார் நாகம்மா, "இன்னாடி, அந்தப் பொடவைய எங்க எட்த்த?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு வசனம் கூடக் காதில் விழவில்லை. தன் படத்தைத் தனியாக, அமைதியாக ஒரு தடவை பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் அன்றைக்குப் பிடித்துக்கொண்டது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஊரில் ஒரு கல்யாணம். திங்கட்கிழமை போனால் காட்சி ரத்து. செவ்வாய், புதனும் அப்படியே.

வியாழன்தான் கடைசி நாள். டிக்கெட் கவுன்ட்டரில் இருந்த முகமது ஆசிக்குக்கு இப்போது அவளைத் தெரிந்துவிட்டது.

"உங்களோட சேத்து ஆறு பேருமா. பத்து வந்தாத்தான் ஓட்டுவாங்க. ஏசி கரண்டுக்கே கட்டுப்படி ஆவாது."

"இன்னும் நாலு பேருக்கு நானே வாங்கட்டா?"

"நாளைக்குப் புதுப் படம் கீது, இது எப்டியும் எட்த்துருவாங்க. எதுக்குமா உங்க காசு? வேணாம்." கடிகாரத்தைப் பார்த்தான். "பத்து நிமிசம் பாக்கலாம்."

வாசலில் கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் எந்தப் படத்துக்குப் போவது என்று பேசிக்கொண்டு நின்றார்கள். பூங்காவனம் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனாள்.

"இந்தப் படம் பாருங்களேன், கண்ணு. நல்லாக் கீது."

"யாரு ஆன்ட்டி ஹீரோ?" என்றாள் ஒரு பெண்.

"ஹீரோலாம் இல்ல."

"அப்ப யாருதான் நடிச்சது?"

சுவரில் இருந்த போஸ்டரில் அவளுக்கு முதுகுதான் கிடைத்திருந்தது. தெரியாத முகத்தைப் போட்டால் கூட்டம் வராது என்று விநியோகஸ்தர் சொல்லிவிட்டாராம். அவள் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"நான்தாம்மா நட்ச்சது."

ஒருவன் சிரித்துவிட்டான். அந்தப் பெண் சிரிக்கவில்லை. போனை எடுத்து டிரெய்லரைத் தேடினாள். போனையும் பூங்காவனத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "டேய், நிஜமாவே இவங்கதான்டா!"

காட்சி ஓடியது.

பூங்காவனம் யாருக்கும் தெரியாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். கதை இதுதான்: இருபது வருஷத்துக்கு முன் விட்டுவிட்டுப் போன புருஷன் பூந்தமல்லியில் இன்னொரு குடும்பத்தோடு இருக்கிறான் என்று ஒருத்திக்குத் தெரியவருகிறது. திருவேற்காட்டில் ஷேர் வேன் ஏறி அவனைப் பார்க்கப் போகிறாள். அவன் கடைக்கு எதிரிலேயே வேன் நிற்கிறது. அவள் இறங்கவில்லை. இரண்டு நிமிஷம் அவள் முகம் மட்டும் திரை முழுக்க இருக்கும்.

அதுவரை குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள் அந்த இடத்தில் அடங்கிப்போனார்கள். அந்த அமைதி பூங்காவனத்தின் காதில் தெளிவாகக் கேட்டது. திரையில் இருந்தவள் அவளைவிட அழகாக இருந்தாள். அவளைவிடத் துணிச்சலாகவும் இருந்தாள். எழுந்து போய் அவளைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

வெளியே வந்ததும் அந்தப் பெண் ஓடி வந்தாள். நிஷா என்று பெயர் சொன்னாள்.

"ஆன்ட்டி, நீங்க ஏன் வேனை விட்டு இறங்கவே இல்ல?"

"டைரக்டர் எறங்காதன்னாரு." பிறகு பூங்காவனமே சொன்னாள்: "நானா இருந்தா எறங்கியிருப்பேன் கண்ணு. சண்ட போட இல்ல. மூஞ்ச ஒரு தபா பாத்துட்டு வந்துருப்பேன்."

நிஷா அவள் கையைப் பிடித்துக்கொண்டு செல்ஃபி எடுத்தாள். பிறகு அவர்கள் போய்விட்டார்கள். பூங்காவனமும் இரண்டரைக்கு வேனில் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விஷ்ணு போன் செய்தான். "தியேட்டர்காரங்க பங்கு, வரி எல்லாம் போக நம்ம கைக்கு வந்தது ஒரு லட்சத்துப் பத்தாயிரம்மா. ரிலீஸுக்கு ஆன செலவே வரலை."

"அய்யோ! கடனு?"

"அடைச்சிரலாம். பெங்களூர்ல வேலை கிடைச்சிருக்கு, சம்பளம் கூட. அடுத்த மாசம் கிளம்புறோம்." பிறகு, "உங்களைப் பெரிய ஆளா ஆக்கணும்னு நெனச்சேன்மா. முடியலை," என்றான்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். பாப்பாவ நல்லாப் பாத்துக்கோங்க." வைக்கப் போனவனை அவள் அவசரமாக நிறுத்தினாள். "சார், உங்களுக்குத் தெரிஞ்சவங்க வேற யாராச்சும் படம் எட்த்தா என் நம்பரு குடுங்க. காசு கம்மியா இருந்தாக்கூடப் பரவால்ல."

"கண்டிப்பாம்மா."

"நம்பரு சொல்றேன், எழ்திக்கோங்க."

அந்த நம்பருக்குத்தான் அவன் இப்போது பேசிக்கொண்டிருக்கிறான் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். இருந்தாலும் அவள் ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். பத்தும் முடியும்வரை அவனும் "ம்" கொட்டிக்கொண்டிருந்தான்.