ஆடி பிறப்பதற்குள்

பாலின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள் வந்து வந்து உடைகின்றன, நடுவில் மெல்லிய ஆடை ஒன்று சுருங்கி விரிகிறது, இதோ எழும்பப் போகிறது என்று செண்பகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனியும்போது இண்டக்‌ஷன் அடுப்பு கீ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத் தானே அணைந்துகொள்கிறது, பால் பழையபடி பாத்திரத்தின் அடியில் போய்ப் படுத்துவிடுகிறது, ஏட்டி செம்பா, திரும்பவும் போச்சு என்கிறாள் பக்கத்தில் நிற்கும் தோழி ரெஜினா, சுண்ணாம்பு வாசம் போகாத அந்த வெறும் சமையலறையின் வாசலில் வீட்டுக்கார மயிலாத்தாள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கிறாள், ஏன் அம்மிணி, பெத்தவங்க இன்னும் வரலீங்களா என்று மறுபடியும் கேட்கிறாள், வந்துட்டே இருக்காங்கக்கா என்று ரெஜினா முந்திக்கொண்டு சொல்கிறாள், செண்பகம் பால் படம் போட்ட பொத்தானை இன்னொரு முறை அழுத்துகிறாள், இன்று ஆனி மாதத்தின் கடைசி நாள், விடிந்தால் ஆடி, ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள், இன்றைக்கு இந்தப் பால் பொங்காவிட்டால் வீடு கைவிட்டுப் போகும், வீடு போனால் கம்பெனியில் தருவதாகச் சொன்ன இரண்டாம் ஷிஃப்ட் பொறுப்பு போகும், அதுவும் போனால் கோயம்புத்தூரில் அவளுக்கு என்ன வேலை, திங்கட்கிழமை மேலாளரிடம் முடிவைச் சொல்ல வேண்டும்.

வீடு பார்க்க வந்த அன்றைக்கே மயிலாத்தாள் சொல்லிவிட்டாள், வாடகை அட்வான்சு எல்லாம் அப்பறமுங்க, பெத்தவங்க வந்து நின்னு பால் காய்ச்சோணும், காய்ச்சுனாத்தான் சாவி, நாளைக்கு ஒண்ணுன்னா நான் ஆரைப் போய்க் கேக்கறது சொல்லுங்க, அவள் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, இதற்கு முன்னால் பார்த்த வீடுகளில் கதவையே முழுதாகத் திறக்கவில்லை, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றே பெரியவங்க யாராவது இருந்தாக் கூட்டிட்டு வாங்க என்றார்கள், ஒவ்வொரு முறையும் செண்பகம் தன்னையறியாமல் பின்னால் திரும்பிப் பார்த்தாள், பின்னால் பெரியவர் யாராவது வந்துகொண்டிருப்பதைப் போல, இருபத்துமூன்று வயதாகிறது, சம்பளம் வாங்குகிறாள், அடையாள அட்டையில் அவள் புகைப்படத்துக்குக் கீழே தரப் பரிசோதகர் என்று அச்சடித்திருக்கிறார்கள், ஆனாலும் பெரியவர்கள் என்ற சொல் இன்னும் வேறு யாருக்கோ உரியதாகவே இருக்கிறது, எந்த நாளில், எந்தக் கதவைத் தாண்டும்போது அது தன்மேல் வந்து ஒட்டிக்கொள்ளும், கல்லூரியின் கடைசி நாளில் என்றுதான் அவள் நினைத்திருந்தாள், பாளையங்கோட்டை வெயிலில், வேதியியல் துறை வாசலில், எல்லோரும் எல்லோருடைய துப்பட்டாவிலும் பேனாவால் எழுதி அழுதுவிட்டு பஸ் ஏறியபோது வளர்ந்துவிட்டோம் என்றுதான் இருந்தது, மசாலாக் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேலாளர் உள்ளே வந்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்று குட்மார்னிங் மேம் என்று இழுத்துச் சொன்னாளே, அந்த நொடியில் அது உடைந்தது, மசாலாப் பொடிகளுக்கு நடுவே தலை குனிந்திருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள், உக்காரும்மா, இங்க யாரும் அட்டெண்டன்ஸ் எடுக்க மாட்டாங்க என்றது ஒரு குரல், சிரிப்பு ஆய்வகம் முழுக்கச் சுற்றி வந்தது, மறுநாள் எழுந்திருக்கக் கூடாது என்று நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், மேலாளர் வந்தார், கால்கள் தாமாக எழுந்து நின்றன.

அடுப்பு இன்னொரு முறை கீ என்கிறது, இந்த அடுப்பு ஒரு காலத்தில் செல்வமாக இருந்தது, இந்த ஊர்ப் பெண்கள் விடுதியில் அவளும் ரெஜினாவும் அதைத் துணிப்பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார்கள், வார்டன் மாடியேறும் செருப்புச் சத்தம் கேட்டால் ரெஜினா பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து பைபிளை விரித்துக்கொள்வாள், அடேயப்பா, என்ன பக்தி என்று வார்டன் நெகிழ்ந்து போவார், விடுதியில் எல்லாம் சுகம்தான், கதவு சாத்தும் நேரம் மட்டும் இடித்தது, விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் இரும்புக் கதவை இழுத்துப் பூட்டிவிடுவார்கள், இரண்டாம் ஷிஃப்ட் முடிவதோ அதற்கு வெகுநேரம் கழித்து, அந்த ஷிஃப்டின் பொறுப்பை அவளுக்குத் தருவதாக மேலாளர் சொன்னதற்குக் காரணம் ஒரு லாரிதான், மிளகாய்த்தூள் ஏற்றிய லாரி கிளம்பத் தயாராக நின்றது, ஈரப்பதம் கூடுதலா இருக்குண்ணே, இது போகக் கூடாது என்று அவள் லாரிக்கு முன்னால் போய் நின்றாள், போன வருசம் காலேஜ்ல இருந்த புள்ள, லாரிய மறிக்கறியா என்று ஓட்டுநர் சிரித்தார், அவள் நகரவில்லை, மறுபடி சோதித்துப் பார்த்து மூட்டைகளைத் திரும்ப இறக்கினார்கள், யாரும் பாராட்டவில்லை, அன்றிலிருந்து மேலாளர் வரும்போது அவள் கால்கள் எழுந்து நிற்பதில்லை என்பதை ஒரு வாரம் கழித்துத்தான் அவளே கவனித்தாள்.

அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது, கோவில்பட்டியில் அம்மாவுக்கு வேலை என்றால் போவது, வருவது, அதிலும் கல்யாணம் வரைக்கும் போவது, பிறகு வந்துவிடுவது, போன வாரம் போனில், வயசுப் பொண்ணு தனியா வீடெடுத்துப் பால் காய்ச்சுவாளா, எந்த ஊர்லட்டி இப்படி நடக்கு, பால் காய்ச்சணும்னா புருசன் பொண்டாட்டியா நின்னு காய்ச்சணும், நீ யாரு கூட நின்னு காய்ச்சுவ என்றாள், ரெஜினா கூடம்மா என்று செண்பகம் வேடிக்கையாகத்தான் சொன்னாள், அந்தப் பக்கம் போன் அணைந்தது, அதன் பிறகு அம்மா எடுக்கவே இல்லை, அப்பாதான் எடுத்தார், லோடு வண்டியைத் தெருவோரம் நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திப் பேசினார், நான் பேசிப் பாக்குதேன் தாயி, அவ பிடிச்சா பிடிதான், உனக்குத் தெரியாதா, உனக்கும் அதே குணந்தான வந்திருக்கு, நேற்று மாலை மறுபடி கூப்பிட்டு, அவ வரலைங்கா, அவ இல்லாம நான் மட்டும் வந்தா அது இன்னும் பெரிய சண்டையாப் போயிரும் என்றார், அவர் குரலில் குற்றவாளியின் தொனி இருந்தது, பரவால்லப்பா என்று சொன்னாள், பரவாயில்லை என்று இல்லை, இன்று விடியற்காலை அரைத் தூக்கக் கனவில் கல்லூரித் தேர்வறையில் இருக்கிறாள், எல்லோரும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், அவளுக்கு மட்டும் இருக்கை இல்லை, சேலைக்கு மேல் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு அம்மா மேற்பார்வைக்கு வருகிறாள், இது உன் இடம் இல்லைட்டி, எந்திரி என்கிறாள், நான் உக்காரவே இல்லியேம்மா என்று அவள் சொல்லச் சொல்ல வகுப்பறையின் சுவர்கள் சுண்ணாம்பு வாசம் அடிக்கின்றன, இந்தச் சுவர்கள்தானா அவை, கையில் பாத்திரத்தின் சூடு பட்டு இந்தச் சமையலறைக்குத் திரும்புகிறாள்.

எங்க சித்தப்பா உக்கடத்துலதான இருக்காரு, ஒரு போன் போட்டா வேட்டியக் கட்டிட்டு வந்து உங்கப்பாவா நின்னுட்டுப் போவாரு, ரெண்டு வடை வாங்கிக் குடுத்தாப் போதும் என்று ரெஜினா காதோரம் கிசுகிசுக்கிறாள், நேற்றும் இதைத்தான் சொன்னாள், நேற்று செண்பகம் சிரித்தாள், இப்போது சிரிக்கவில்லை, சித்தப்பா வந்து நின்றால் சாவி கிடைத்துவிடும், ஆனால் நாளைக்கு ஒன்றென்றால் மயிலாத்தாள் தேடப் போகும் அப்பா ஊரிலேயே இருக்க மாட்டார், முதன்முதலாகத் தன் பெயரில் எடுக்கும் வீட்டுக்குள் அடுத்தவர் அப்பாவைக் கூட்டிக்கொண்டு நுழைவதா, செண்பகம் அடுப்பை விட்டு நிமிர்ந்து திரும்புகிறாள், அக்கா, எங்க அம்மா அப்பா வரலை, வர மாட்டாங்க, நான் தனியா வீடு எடுக்கிறதுல அம்மாவுக்குச் சம்மதமில்ல, உங்ககிட்ட ஏமாத்தி வாங்க எனக்கு இஷ்டமில்ல, நான் வேலைக்குப் போறேன், லேட்டாத்தான் வருவேன், கம்பெனி வண்டி வாசல்ல இறக்கிவிடும், என்ன ஒண்ணுன்னாலும் என்னையத்தான் நீங்க கேக்கணும், குடியிருக்கப் போறவ நான், பால நானே காய்ச்சுறேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறாள், ரெஜினா மெல்ல யேசப்பா என்கிறாள், மயிலாத்தாள் இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள், அட என்ன அம்மிணி நீ, இத மொதல்லயே சொல்லறதுக்கென்ன, நல்ல நேரம் முடியப் போகுது, மேக்கால வீதியில இன்னொரு குடும்பம் இந்த வீட்டக் கேட்டுட்டு நிக்குது, வெச்ச பாலு பொங்காமக் கெடக்கறதப் பாத்தா எனக்கும் மனசு ஒப்பல, சரி, அடுப்புல ஏத்தியாச்சு, பொங்குதான்னு பாப்போம்.

பால் படம் போட்ட பொத்தானை நோக்கிப் போன விரல் பாதியில் நிற்கிறது, பால் பொங்கி வழியாமல் இருப்பதற்கென்றே செய்த பொத்தான் அல்லவா அது, இவ்வளவு நேரம் பொங்கு பொங்கு என்று அதையே அழுத்திக்கொண்டிருந்திருக்கிறாளே, செண்பகத்துக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது, சூட்டைக் கையாலேயே உச்சத்துக்கு ஏற்றுகிறாள், பால் இந்த முறை நுரைத்து எழுகிறது, எழுந்து பாத்திரத்தின் பாதி வரை வருகிறது, அதற்கு மேல் ஏற முடியாமல் அங்கேயே தளதளக்கிறது, அப்போதுதான் போன் அடிக்கிறது, அப்பா, முகம் தெரிகிற அழைப்பு, திரையில் அப்பா இல்லை, கோவில்பட்டி வீட்டு அடுக்களைதான் ஒரு பக்கமாகச் சரிந்து தெரிகிறது, போனை எதன் மேலோ சாய்த்து வைத்துவிட்டு நைசாக நழுவியிருக்கிறார், அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறாள், அம்மா என்று கூப்பிடவில்லை செண்பகம், ரெஜினாவின் கையில் போனைக் கொடுத்து அடுப்புப் பக்கம் திருப்பிப் பிடிக்கச் சொல்கிறாள், துருவும் சத்தம் நிற்கிறது, அரை முகம் திரும்புகிறது, பிறகு முழு முகம், அது என்னது, அண்டாவா என்கிறது அம்மாவின் குரல், அரை லிட்டர் பாலுக்கு எதுக்குட்டி இம்மாம் பெரிய சட்டி, கோயில் கொடைக்கா பொங்குத, கடையில வீட்டுக்குன்னு கேட்டோம்மா, இதத்தான் குடுத்தாங்க என்கிறாள் செண்பகம், குடுப்பான், நீயும் வாங்கிட்டு வருவ, இன்னொரு பாக்கெட் இருக்கா, இருக்கும்மா, காப்பிக்கு வச்சிருக்கோம், காப்பி அப்புறம் குடிச்சுக்கிடலாம், அதையும் வெட்டி ஊத்து, ஓரமா ஊத்துட்டி, நடுவுல ஊத்தாத என்று அம்மா சொல்லச் சொல்ல செண்பகம் பாக்கெட்டை வெட்டி ஓரமாக ஊற்றுகிறாள்.

மயிலாத்தாள் எட்டி வந்து போனுக்குள் முகத்தை நீட்டுகிறாள், ஏனுங்க, நீங்கதான் அம்மாங்களா, புள்ளய இப்படித் தனியா உட்டுப்போட்டு அங்கயே இருந்துக்கிட்டா என்ன அர்த்தமுங்க, எனக்கு அவ மேல கோவம், அது தனி என்கிறாள் அம்மா, அதை அவ ஊருக்கு வந்தப்புறம் நான் அவகிட்ட வச்சுக்கிடுதேன், நீங்க முதல்ல பாலைப் பாருங்க, எம்பிள்ள பொய் சொல்லி வீட்டுக்குள்ள நொழையிற பிள்ள இல்ல, என்ன கேக்கணும்னாலும் அவட்டயே கேளுங்க, அவ சொல்லாததை எங்கிட்டக் கேளுங்க, மயிலாத்தாள் ஒரு கணம் செண்பகத்தைப் பார்க்கிறாள், அப்படியே நீ சொன்ன மாதிரிதான் சொல்லுது உங்கம்மா என்று சிரிக்கிறாள், சாவி இடுப்பிலிருந்து வெளியே வருகிறது, அதை வாங்கக் கை நீட்டியபோதே பின்னால் சீறும் சத்தம், ரெஜினா குலவை போடத் தெரியாமல் ஓவென்று கத்துகிறாள், பால் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டு, ஒரு கணம் நுரைக் கும்பமாக நின்று, நிலைகொள்ளாமல் கவிழ்ந்து இறங்குகிறது, கண்ணாடி அடுப்பின் மேல் வெள்ளையாகப் பரவிக் கருகி வாசம் எழுப்புகிறது, அடுப்பு பயந்துபோய்க் கீ கீ என்று அலறுகிறது, இந்த முறை அதை யாரும் பொருட்படுத்தவில்லை, பொங்கிருச்சுங், நல்லாப் பொங்கிருச்சுங் என்று மயிலாத்தாள் போனைப் பார்த்துக் கூவுகிறாள், எந்தப் பக்கம் வழிஞ்சிருக்கு, கிழக்கயா வடக்கயா, சரியாப் பாத்துச் சொல்லுட்டி என்று அம்மா அவசரப்படுகிறாள், ஜன்னலுக்கு வெளியே ஆனிக் கடைசியின் மேகம் சூரியனை மூடியிருக்கிறது, இந்த ஊரில் எது கிழக்கு என்று செண்பகத்துக்கு இன்னும் பழகவில்லை, பால் மேடையின் ஓரத்தைத் தாண்டிச் சொட்டுச் சொட்டாக அவள் கால் விரல்களில் விழுகிறது, சுடுகிறது, அவள் விலகாமல் நிற்கிறாள், என் பக்கம்தாம்மா என்கிறாள்.