கால் தரையில் படாமல்

மெக்கானிக்கைப் பற்றி டிரைவருக்கு ஒரு குறையும் இல்லை. பையன் சொந்தமாக சைக்கிள் கடை வைத்திருக்கிறான், கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். சிக்கல் என்னவென்றால் அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிற அவருடைய மகளுக்கும் வாய் அதே நீளம். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற அவளை எல்லோரும் 'கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு குடையின் கீழ் நின்றால்கூட, குடையை யார் பிடிப்பது என்று சண்டை போட்டு, கண்ணாடியும் மெக்கானிக்கும் தொப்பலாக நனைந்து வீடு வந்து சேருவார்கள்.

"ரெண்டு டிரைவர் ஏறின பஸ் டிப்போவை விட்டே வெளிய வராது பாப்பா," என்பார் அப்பா. காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் வேறு எப்படிச் சொல்வார்?

ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் பேச்சு முற்றியது. பழைய இரும்புக் கடையில் கிடந்த இரட்டைச் சைக்கிள் ஒன்றை மெக்கானிக் தட்டி நிமிர்த்தி வைத்திருந்தான். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், இருவரும் மிதிக்க வேண்டும். அப்பா கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அந்தச் சைக்கிள்ல ரெண்டு பேரும் நம்ம தெரு மேட்டுல ஏறி, கால் தரையில படாம என் வாசலுக்கு வாங்க. அன்னிக்கே சம்மதம்."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் அவருக்கு இல்லை. பஸ்ஸையே ரிவர்ஸ் எடுக்க யோசித்தவர்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அந்த மேடு அவர்களைப் பந்தாடியது. பாதி ஏற்றத்தில் லாண்டரிக் கடை வளைவு வரும். அங்கே வந்ததும் சைக்கிள் ஒரு நொடி தயங்கும். அவ்வளவுதான், நின்றுவிடும். நான்கு கால்களும் பொத்தென்று தரையில் விழும். மெக்கானிக் பின் சக்கரத்துப் பல்சக்கரத்தைப் பெரிதாக்கினான். செயினைப் புதிதாக மாற்றினான். பேரிங்கில் கிரீஸ் அடைத்தான். ஏறுவது லேசானது, வளைவில் நிற்பது மட்டும் மாறவே இல்லை.

"நீ சரியா மிதிக்கலை," என்பாள் அவள்.

"நீ சரியா திருப்பலை," என்பான் அவன்.

ஹேண்டில் அவள் கையில். செயின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வர வேண்டும் என்று அவன் பின் சீட்டை எடுத்துக்கொண்டிருந்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு புது நெருக்கடி. மத்தியானம் அப்பாவின் அக்கா, அந்த அத்தை வருகிறாள், கையில் வேறொரு மாப்பிள்ளையின் போட்டோவோடு. அத்தை வாயைத் திறந்தால் அப்பா ரிவர்ஸ் மட்டுமல்ல, யூ டர்னே அடிப்பார்.

காலையில் கடைவாசலில் மெக்கானிக் இரண்டு ஜோடி பெடல்களையும் இணைக்கிற நடுச் செயினைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். அதற்குள் பஞ்சர் என்று ஒருவர் வந்து நிற்க, அவன் உள்ளே போனான். கண்ணாடிக்குப் பொறுமை ஏது? செயினைப் பற்களில் மாட்டி, பெடலைச் சுற்றி, துணியால் கையைத் துடைத்து, "வா வா, மாட்டியாச்சு!" என்று ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

கிளம்பும்போதே ஏதோ தள்ளாடியது. மேட்டில் ஏறத் தொடங்கியபோது பின்னாலிருந்து ஒரு அலறல்.

"ஏய் கண்ணாடி! உன் காலு எங்க போகுது?"

"எங்க போகும்? பெடல்லதான் இருக்கு!"

"என் காலு மேல நிக்குது, உன்னுது குறுக்கால நிக்குது! செயினை எப்படிடி மாட்டின?"

"எப்படியோ மாட்டினேன். உள்ள போச்சு, விட்டுட்டேன்!"

"ரெண்டு பேர் பெடலும் ஒரே மாதிரி நிக்கணும்! நிறுத்து, நிறுத்து, சரி பண்றேன்!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மேட்டின் உச்சியில், கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்பா. பக்கத்தில் ஒரு டாக்ஸி. மத்தியானம் வர வேண்டிய அத்தை அதற்குள் பெரிய கைப்பையோடு அதிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்தினா கால் தரையில படும். அத்தை வந்தாச்சு. வாயை மூடிட்டு மிதி!"

மிதித்தார்கள். அவள் அமுக்கும்போது அவன் கால் உச்சியில் நின்றது. அவன் அமுக்கும்போது அவளுடையது உச்சியில் நின்றது. ராட்டினத்தில் உட்கார்ந்ததுபோல இருந்தது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. லாண்டரி வளைவு வந்தது. அவள் பல்லைக் கடித்தாள். அந்தத் தயக்கத்துக்காகக் காத்திருந்தாள்.

தயக்கம் வரவில்லை. சைக்கிள் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல வளைவைக் கடந்து மேலே போய்க்கொண்டே இருந்தது.

"டேய் மெக்கானிக்! நிக்கலைடா!"

பின்னால் அவன் குனிந்து இரண்டு ஜோடி பெடல்களையும் பார்த்தான். பிறகு அவன் மூச்சு வாங்கிக்கொண்டே கத்தினான்: "ஐயோ, மண்டை! இத்தனை நாளா ஒண்ணா மிதிச்சோம், ஒண்ணாவே ஓய்ஞ்சோம்! பெடல் நேரா மேல வர்றப்போ யாரும் அமுக்க முடியாது. அந்த நேரத்துல சக்கரத்துக்குச் சோறே இல்ல. இப்போ நான் ஓய்ஞ்சா நீ அமுக்கற!"

"அப்போ நான் மாட்டினதுதான் சரி?"

"தப்பாத்தான் மாட்டின. ஆனா சரி!"

"சரின்னு மட்டும் சொல்லு!"

"சரி, சரி, சரி!"

சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் கண்ணில் நீர். அதே வேகத்தில் மேட்டின் உச்சிக்கு வந்து, வாசலைத் தாண்டி, தெரு அகலமாகிற இடத்தில் வட்டமடித்துத் திரும்பினார்கள். அப்பா தெரு நடுவில் வந்து நின்றார்.

"வந்துட்டோம் மாமா!"

"வந்தா இறங்குங்க!"

"சம்மதம்னு சொல்லுங்கப்பா, அப்புறம் இறங்கறோம்," என்று அவள் அவரைச் சுற்றி இன்னொரு வட்டம் போட்டாள். அவர் சொல்வதற்குள் கால் தரையில் பட்டு, அத்தை நடுவில் புகுந்தால்? நம்ப முடியாது.

"முதல்ல இறங்கு பாப்பா, பேசிக்கலாம்."

"பேச்செல்லாம் வேண்டாம். ஒரே வார்த்தை!"

அவளைப் பார்த்தபடி அப்பாவும் நின்ற இடத்திலேயே சுற்றினார். "தலை சுத்துதுடி!"

"சொன்னா நிக்கும் மாமா!"

"மேல வர்ற வரைக்கும் சண்டை போட்டுட்டுத்தானே இருந்தீங்க? கத்தறது இங்க வரைக்கும் கேட்டுச்சே!"

"சண்டை போட்டுக்கிட்டே ஏறிட்டோம்ல!"

அப்பா உதவிக்கு அக்காவைப் பார்த்தார். அத்தையோ கேட்டின் மேல் கைப்பையை வைத்து, அதன்மேல் முகவாயை வைத்து, சின்னப் பிள்ளைபோல ரசித்துக்கொண்டிருந்தாள்.

"என்னை ஏன்டா பாக்கற? நான் கொண்டு வந்த பையனுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. சொல்லித் தொலை, பிள்ளைங்க விழுந்து வைக்கப் போகுது!"

"சம்மதம்! சம்மதம்! நிறுத்துங்க!"

நிறுத்தினார்கள். அவள் இடது காலை ஊன்றினாள், அவன் வலது காலை ஊன்றினான். எந்தப் பக்கம் சாய்வதென்று சைக்கிளுக்கே புரியவில்லை. மூன்று பேரும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டதில் அது நடுவில் அப்படியே நின்றது. அப்பாவின் கை மெக்கானிக்கின் தோளில் இருந்தது; அவர் அதை எடுக்கவில்லை.

மூச்சு திரும்பியதும் அவர் குனிந்து பார்த்தார். "என்னப்பா இது, பெடல் ஒண்ணுக்கொண்ணு கோணலா நிக்குது?"

"நான் மாட்டினதுப்பா," என்றாள் அவள் உடனே.

"கண்டுபிடிச்சது நான் மாமா," என்றான் அவனும் உடனே.

"மாட்டாம எதைடா கண்டுபிடிப்ப?"

"தகராறை அப்புறம் வெச்சுக்கங்க," என்று அத்தை கைப்பையைத் தம்பியின் கையில் திணித்துவிட்டு, செருப்பைக் கழற்றிக்கொண்டே வந்தாள். "பின் சீட்டு எனக்கு. டேய் மாப்பிள்ளை, ஹேண்டிலைப் பிடி."