தேசிக்காய் குத்திய துவக்கு

துவக்கின் இரண்டு வாயிலும் தேசிக்காய் குத்தியது நான்தான். பழியைப் பங்கு போட ஆளில்லை. என் மனைவி சிவமலர் அந்த நேரம் குசினிக்குள் கடலை அவித்துக்கொண்டிருந்தாள். சரஸ்வதி படத்துக்குள் வீணையோடு இருந்தாள். எழும்பி வந்து தடுக்க அவளாலும் முடியவில்லை.

தொண்ணூற்றோராம் ஆண்டு, விஜயதசமிக் காலை. லண்டனில் மிச்சம் என்ற பகுதியில், எங்கள் வீட்டு முன்னறையில் சிவமலரின் தையல் மெஷின், கார்த் திறப்பு, நான் வேலை செய்கிற பெற்றோல் ஸ்டேஷனின் திறப்புக்கோர்வை எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்துப் படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்தோம். நடுவில் எட்வேட் அண்ணை இரவல் தந்த இரட்டைக்குழல் வேட்டைத் துவக்கு. நூறு வயதுக்கு மேல் ஆனது. சுவரோடு நிமிர்த்திச் சாத்தி, மாலை போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். ஏதோ குறைந்தது. கார் வாங்கினால் சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைக்கிறோம். சூலத்தின் முனையில் குத்துகிறோம். துவக்குக்குச் சில்லு இல்லை, முனையும் இல்லை. ஆனால் வாய் இருந்தது. ஒரு தேசிக்காயை வெட்டி, வாய்க்குப் பாதியாகக் கவிழ்த்து அமுக்கினேன். நல்ல லட்சணமாக இருந்தது. கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

பின்னேரம் வந்து பார்த்தபோது சாறு வழிந்து காய்ந்திருந்தது. இரண்டு குழலிலும் நெடுகலும் வெள்ளைக் கோடு. சைவ வீட்டுப் பூசையில், கத்தோலிக்கரின் துவக்கு நாமம் போட்டுக்கொண்டு நின்றது.

அந்தக் குழல் சாதாரணக் குழல் இல்லை. அந்தக் காலத்து வெள்ளைக்காரக் கொல்லன் இரும்பையும் உருக்கையும் முறுக்கிச் சுற்றி அடித்தது. முறுக்குப் பிழிந்ததுபோல் குழல் முழுக்கச் சுழி சுழியாக ஓடும். அந்தச் சுழி தெரிவதே மேலே ஏற்றிய மண்ணிறத்தால்தான். மண்ணிறம் போனால் அது வெறும் தண்ணீர்க் குழாய்.

சிவமலர் கடலைச் சட்டியோடு வந்து பார்த்தாள்.

"உங்களை ஆரப்பா தேசிக்காய் குத்தச் சொன்னது?"

"கார்ச் சில்லுக்கு வைக்கேல்லையே?"

"கார்ச் சில்லு ரப்பரப்பா! இது இரும்பு. நான் புளி போட்டுத்தானே குத்துவிளக்கு மினுக்கிறன். இவ்வளவு காலமும் பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள்?" குனிந்து இன்னொரு தரம் பார்த்தாள். "ஆனால் நல்லா மினுங்குது."

இந்த இடத்தில், சுத்த சைவக்காரனுக்கு வேட்டைத் துவக்கில் என்ன வேலை என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லாரும் கேட்டார்கள். துவக்கு வைத்திருக்கச் சேர்ட்டிபிக்கற் தர வந்த பொலிஸ்காரரும் கேட்டார்.

"என்ன சுடப்போகிறீர்கள்?"

"ஒன்றும் சுடமாட்டேன். நான் மரக்கறிக்காரன்."

"அப்போ?"

"பார்த்துக்கொண்டிருப்பேன்."

அவர் சிவமலரைப் பார்த்தார். அவள் அவர் முன்னால் வடையை வைத்தாள். வடைக்குப் பிறகு அவர் கேள்வி கேட்கவில்லை.

உண்மையில் நான் போனது உடுப்பு அலுமாரி வாங்க. கெண்ட் பக்கம் ஒரு பழைய பங்களாவில் ஏலம். அங்கே கடைசியாக ஒரு துவக்கு வந்தது. தோளில் அணைக்கிற பிடங்கில் வால்நட் மரத்தின் ரேகை ஓடியது. குழலில் அந்தச் சுழி. துவக்கு என்றால் ஓட வேண்டிய சாமான் என்று மட்டும் தெரிந்த நாட்டிலிருந்து வந்தவன், முதல்முறையாக ஒன்றுக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். பார்த்த அந்தக் கணமே அலுமாரி மறந்துபோனது. கையை உயர்த்தினேன். பின்வரிசையில் இன்னொரு கை உயர்ந்தது. திரும்பினால், அந்த மண்டபத்தில் என்னைத் தவிர இருந்த ஒரே கறுத்த முகம். அவர்தான் எட்வேட் அண்ணை. மன்னாரார். ஹீத்ரோவில் சரக்கு ஏற்றி இறக்கி இளைப்பாறியவர். துவக்கு அவருக்குப் போனது.

அன்றிலிருந்து எனக்கும் இந்த விசர். ஏலம் ஏலமாகத் திரிந்து இரண்டு வாங்கினேன். ஒன்றுக்குச் சுத்தியல் இல்லை, மற்றதற்குப் பிடங்கு வெடிப்பு. அவற்றைப் பூட்டிவைக்கப் படுக்கையறைச் சுவரில் இரும்புப் பெட்டி அறைந்தேன். கோயிலில் பழகி எங்கள் வீட்டுக்கு வரும் சனம் அதை நகைப்பெட்டி என்று நினைத்து, எங்கள் மகளுக்குத் தூர தேசத்திலிருந்தெல்லாம் சம்பந்தம் கொண்டுவந்தது. உள்ளே துவக்கு என்று சொன்னபோது கதை நின்றது. எங்கள் ஆட்களுக்குள் அந்தச் சொல்லைச் சொன்னால் அப்படித்தான். ஒருவர் கோப்பையைக் கீழே வைப்பார். இன்னொருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மற்ற அறைக்குப் போவார். கோபிக்க முடியுமா? அந்தச் சத்தத்துக்குத்தானே எல்லாரும் ஓடி வந்தோம்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் காரை எடுத்துக்கொண்டு ஹவுன்ஸ்லோவுக்குப் போவேன். சேர்ச்சில் பூசை கண்டுவிட்டு எட்வேட் அண்ணை காத்திருப்பார். துவக்கை மேசையில் வைத்து, எண்ணெய்த் துணியால் துடைத்து, சுழியைப் பற்றியும் பூட்டைப் பற்றியும் பிடங்கைப் பற்றியும் பின்னேரம் வரை கதைப்போம். "மனிசரைச் சுடாத துவக்கு, தம்பி," என்பார். "பாரும், முகத்திலையே தெரியுது." போகும்போது நான் கேட்பேன்.

"அண்ணை, இதை எனக்குத் தருவீங்களோ?"

"தேத்தண்ணிக்குச் சீனி காணுமோ தம்பி?"

அடுத்த ஞாயிறு கேட்டால் ஹீத்ரோவில் ஒரே புகார், பிளேன் இறங்கேல்லை என்பார். அதற்கடுத்த ஞாயிறு கேட்டால் மேலே பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்வார். இரண்டு வருசமாக ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

அப்படிப்பட்ட மனிதர், விஜயதசமிக்கு முதல்நாள் தானே மிச்சத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். துவக்கை என் கையில் தந்து, "ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வைச்சிரும். சேர்ட்டிபிக்கற் உள்ள ஆளுக்கு மூண்டு நாள் இரவல் குடுக்கலாம்தானே," என்றார். ஏன் என்று சொல்லவில்லை. எனக்கென்றால் விளங்கிவிட்டது. பெண்ணைக் கொடுக்க முதல் மாப்பிள்ளை வீடு பார்க்க விடுகிறார். அந்தச் சந்தோசப் புளுகத்தில்தான் தேசிக்காய்.

சனிக்கிழமை முழுக்க வைத்தியம். கடும் தேயிலைச் சாயம் ஊற்றித் தேய்த்தேன். பிடிக்கவில்லை. சிவமலரின் கண்புருவப் பென்சிலை எடுத்துக் கோடு கோடாகக் கீறினேன். கடைசியில் மண்ணிறச் சப்பாத்துப் பொலிஷ் பூசினேன்.

"செத்த ஆளுக்குப் பவுடர் போட்ட மாதிரிக் கிடக்கு," என்றாள் சிவமலர். "உள்ளதைச் சொல்லிப்போட்டு வாங்கோவன்."

"சொன்னால், நான் விலையைக் குறைக்க வேணுமெண்டு பழுதாக்கினது எண்டு நினைக்கமாட்டாரோ?"

துவக்குக் கிடைக்காமல் போனால் போகட்டும். அந்த மனிதர் என்னைக் கள்ளன் என்று நினைத்துவிட்டால்?

ஞாயிற்றுக்கிழமை மழை. சிவமலரும் வந்தாள். "நீங்கள் பொய் சொல்லேக்கை பக்கத்திலை ஒராள் இருக்க வேணும்," என்றாள். காரிலிருந்து வாசலுக்குப் போவதற்குள் துவக்கின் உறை நனைந்துவிட்டது. எட்வேட் அண்ணை பூசைக்குப் போட்ட வெள்ளைச் சேட்டோடு நின்றார். துவக்கை வாங்கி, உறையைக் கழற்றி, குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்தார். விலக்கியபோது சேட்டில் மண்ணிறமாக இரண்டு பட்டை.

அவர் சேட்டைப் பார்த்தார். குழலைப் பார்த்தார். விரலால் தேய்த்து மணந்து பார்த்தார்.

"சப்பாத்துப் பொலிஷ்."

"ஓம் அண்ணை."

"அதுக்குக் கீழை?"

"தேசிக்காய், அண்ணை."

"தேசிக்காயோ?"

"சரஸ்வதி பூசைக்கு வாயிலை குத்தினவர்," என்றாள் சிவமலர். "ரெண்டு வாயிலும்."

எட்வேட் அண்ணை வாய் திறக்க முன், அவர் மனைவி டொலறஸ் அக்கா உள்ளே இருந்து வந்தார். "துவக்கு வந்திட்டுதோ? நல்ல காலம்! நேற்று வாங்க வந்த வெள்ளைக்காரன் காணாமல் திரும்பிப் போட்டான். இண்டைக்கு மூண்டு மணிக்குத் திரும்ப வாறான்." என் பக்கம் திரும்பினார். "நீர் சொல்லும் தம்பி, துவக்குக்கு இரும்பு அலுமாரி, மூலையிலை நல்ல இடம். மடு மாதாவை நான் பிரிட்ஜுக்கு மேலை வைச்சிருக்கிறன். இது ஞாயமோ?"

"ஆர் வாறது?" என்று கேட்டேன்.

"துவக்கு வியாபாரி. நான்தான் போன் பண்ணிக் கூப்பிட்டனான்."

துவக்கு வேறு ஆளுக்குப் போகிறது. போகப்போகிற துவக்கைத்தான் நான் பழுதாக்கியும் வைத்திருக்கிறேன். எட்வேட் அண்ணை முகத்தைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

வியாபாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். தொப்பி வைத்த, மரியாதையான மனிதர். துவக்கை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பொலிஷ் கையில் ஒட்டியது. குழலுக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்து, வாயருகே மூக்கைக் கொண்டுபோனார்.

"இதற்கு யார் என்ன செய்தது?"

இங்கிலீசில் பொய் சொல்ல எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. "நான் ஆசீர்வாதம் செய்தேன்," என்றேன்.

"எதைக் கொண்டு?"

"தேசிக்காயைக் கொண்டு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பிரிட்ஜுக்கு மேல் இருந்த மாதாவைப் பார்த்தார். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்திருக்க வேண்டும். துவக்கை மெல்லமாக மேசையில் வைத்தார். இப்படி இருந்தால் தனக்கு வேண்டாம், திரும்ப நிறம் ஏற்றுவிக்கிற செலவுக்கு வேறொன்று வாங்கலாம் என்றார். தேத்தண்ணியும் குடிக்காமல் மழைக்குள் போய்விட்டார்.

"முடிஞ்சுது," என்றார் டொலறஸ் அக்கா. "இனி மாதா பிரிட்ஜுக்கு மேலைதான். சிவமலர், நீர் வாரும். இந்த ஆம்பிளையளோடை கதைச்சு வேலையில்லை." இரண்டு பேரும் குசினிக்குள் போனார்கள். அங்கே என்னைப் பற்றி நல்லதாக ஒன்றும் கதைக்கவில்லை என்பது கரண்டிச் சத்தத்தில் விளங்கியது.

எட்வேட் அண்ணை கதிரையில் குனிந்து இருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். கிட்டப் போய், "அண்ணை, சத்தியமா நான் வேணுமெண்டு செய்யேல்லை. நிறம் ஏத்திற காசு நான் தாறன்," என்றேன்.

அவர் நிமிர்ந்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணால் தண்ணீர் வந்திருந்தது.

"தம்பி, அவன் வாறான் எண்டுதான் உம்மட்டை ஒளிச்சு வைச்சனான். அவன் திரும்ப வருவான் எண்டு நான் நினைக்கேல்லை. மாதாவே எண்டு இருக்க, நீர் தேசிக்காயோடை வந்து நிக்கிறீர்!" சேட்டில் இருந்த பட்டையைத் தடவினார். "இனி உலகத்திலை ஒருத்தன் வாங்கமாட்டான்."

கள்ளன் என்று நினைக்கவில்லை. அந்தத் துணிவில், நாமம் போட்ட குழலைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"நான் வாங்குவன் அண்ணை. இப்பவும். சீனியையும் புகாரையும் விடுங்கோ. ஓமெண்டால் ஓம், இல்லையெண்டால் இல்லை. எனக்குத் தருவீங்களோ?"

அவர் எண்ணெய்த் துணியை எடுத்தார். ஒரு முனையை எனக்கு நீட்டினார். குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, இரண்டு வருசத்தில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"தரமாட்டன். தந்தால் ஞாயிற்றுக்கிழமையிலை நீர் ஏன் வாறீர்? இந்த லண்டனிலை நான் வேறை ஆரோடை துவக்குக் கதைக்கிறது?"