எல்லம்மா பெயரில் இன்னொரு நம்பர்

தாம்பரம் மேற்கில், முடிச்சூர் ரோடு திரும்பும் முனையில் சாலமன் குடை விரித்திருந்தான். குடைக்குக் கீழே இரண்டு ஸ்டூல், ஒரு மடக்கு மேஜை, மேஜை மேல் விரல் வைக்கும் மிஷின், ஒரு டப்பா நிறைய சிம் கார்டு. அவ்வளவுதான் கடை. ஆனாலும் அந்த வட்டாரத்தில் அவனுக்கு நல்ல பேர். பெரிய ஷோரூமில் கைவிரித்து அனுப்பியவர்களைக்கூட உட்கார வைத்து, பொறுமையாகச் சரி செய்து கொடுப்பான் என்பார்கள். அது பொய்யும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை காலை எல்லம்மாவும் அவள் மகள் ஜீவிதாவும் ஊரப்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வந்து இறங்கினார்கள். யாரோ உபயோகித்துக் கொடுத்த லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, காய்கறிப் பைக்குள் வைத்து, கூட்டத்தில் இடிபடாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தாள் ஜீவிதா. அதில் இண்டர்நெட் வர வேண்டும். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் வர வேண்டும்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. எல்லம்மா நாலு ஃப்ளாட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். அவள் கணவன் ஏசுபாதம் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வீட்டில் ஆள் வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். பி.காம். முடித்த ஜீவிதா அதனாலேயே தேடி வந்த இரண்டு வேலைகளுக்குப் போகவில்லை. மூன்றாவதாக, ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் ஒரு கம்பெனி வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றது. இப்படி ஒரு வேலை அவளுக்கு இன்னொன்று கிடைக்கப்போவதில்லை. செல்போன் ஹாட்ஸ்பாட் ஆகாது, கால் வந்தால் அறுந்துவிடும், தனி இணைப்பு வேண்டும் என்று கம்பெனி சொல்லியிருந்தது. அவர்கள் சந்துக்குள் கேபிள்காரர் யாரும் வருவதில்லை.

சாலமன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பென்டிரைவ் மாதிரி இருக்கும் ஒரு டாங்கிளை எடுத்துக் காட்டினான். இதற்குள் சிம்மைப் போட்டு லேப்டாப்பில் செருகினால் போதும், திங்கட்கிழமை நீ ராணி மாதிரி உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்றான். ஜீவிதாவின் ஆதாரில் இருந்தது சின்ன வயதில் எடுத்த கைரேகை, புதுப்பிக்கவில்லை. ஆகவே சிம் எல்லம்மா பெயரில்தான் வாங்க வேண்டியிருந்தது.

எல்லம்மா வலது கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துவிட்டு மிஷினில் கட்டைவிரலை வைத்தாள். பச்சை விளக்கு உடனே எரிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, சாலமன் பார்த்தான்.

"இன்னொரு தபா வைங்க அக்கா. ஏறல," என்றான்.

எல்லம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. "சோப்புத் தண்ணியிலயே கெடந்து ரேகையெல்லாம் தேஞ்சி பூட்ச்சி தம்பி. ரேசன் கடையிலயும் இதே பேஜாரு. நாலு தபா வெச்சாத்தான் அரிசி," என்று அவனிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் சொல்லிவிட்டு மறுபடி விரலை வைத்தாள். முதலில் எடுத்த போட்டோவில் கண்ணை மூடிவிட்டீர்கள் என்று இன்னொரு போட்டோவும் எடுத்துக்கொண்டான். எல்லம்மா பெயரில் ஒன்றுக்கு இரண்டு சிம் உயிர் பெற்றன. ஒன்று டாங்கிளுக்குள் போனது, மற்றொன்று சாலமனின் சட்டைப் பைக்குள் போனது.

இது அவன் கண்டுபிடித்த வித்தை அல்ல. ஜி.எஸ்.டி. ரோட்டில் பெரிய செல்போன் கடை வைத்திருக்கும் தினகரன்தான் அவனுக்கு இந்தக் குடையையும் மிஷினையும் கொடுத்தவன். மாதத்துக்கு இத்தனை இணைப்பு என்று சிம் கம்பெனி தினகரன் கழுத்தைப் பிடித்தது, தினகரன் சாலமன் கழுத்தைப் பிடித்தான். வேலை செய்து தேய்ந்த கை வந்தால் இரண்டு தடவை வைக்கச் சொல், அவர்களுக்கு அது பழக்கம்தான் என்று சொல்லிக் கொடுத்ததும் அவன்தான். அதிகப்படி சிம்களை அவனே வாங்கிக்கொண்டான். யாருக்குக் கொடுக்கிறான் என்று சாலமன் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதையே ஒரு யோக்கியதையாக நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு, அவன் அந்த ஜாதி.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அவன் வேலை செய்த அழகைப் பார்த்திருந்தால் யாரும் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். லேப்டாப்பின் ஒரு துளை ஆடியது, வேறு துளையில் செருகினான். டாங்கிளின் சாஃப்ட்வேரை ஏற்றினான். இணைப்பு வராமல் அடம்பிடித்தபோது அமைப்புகளுக்குள் போய் நெட்வொர்க்கின் பெயரைத் தானே தட்டி, மறுபடி மறுபடி முயன்றான். கடைசியில் நீல விளக்கு நின்று எரிந்தது. ஆஸ்பத்திரி பில் கம்பெனியின் இணையப் பக்கம் திரையில் வந்ததும் ஜீவிதா சிரித்தாள். விண்டோஸ் தானாகவே அப்டேட் ஆகி டேட்டாவைத் தின்னாமல் இருக்க எதை அணைக்க வேண்டும், வீட்டில் சிக்னல் குறைந்தால் நீள ஒயர் போட்டு டாங்கிளை எப்படி ஜன்னலோரம் வைக்க வேண்டும் என்றெல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தான். நீ நல்லா இருக்கணும் தம்பி என்று வாயார வாழ்த்திவிட்டுப் போனாள் எல்லம்மா.

நாலு மாதம் கழித்து, ஒரு மத்தியான வெயிலில், எல்லம்மா தனியாக வந்தாள். வேலைக்குக் கட்டும் புடவையிலேயே வந்திருந்தாள். சாலமன் நகர்த்திப் போட்ட ஸ்டூலில் உட்காராமல், நின்றபடியே நடந்ததைச் சொன்னாள்.

வடக்கே எங்கிருந்தோ இரண்டு போலீஸ்காரர்கள், உள்ளூர் ஏட்டையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அங்கே ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரை யாரோ போனில் மிரட்டி, அவர் சேமிப்பு முழுவதையும் துடைத்து எடுத்துவிட்டார்கள். மிரட்டிய நம்பர் எல்லம்மா பெயரில் இருந்தது. ஒருவர் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று பார்க்க அரசாங்க இணையதளம் ஒன்று இருப்பதை ஜீவிதா அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். பார்த்தால், அம்மா பெயரில் டாங்கிள் நம்பரும் இன்னொரு நம்பரும் இருந்தன. இரண்டும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை என்றது போலீஸ். தினகரன் கடையில் விசாரித்தபோது ஃபாரம், போட்டோ, கைரேகை எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டிவிட்டானாம்.

ஜீப் ஃப்ளாட் வாசலுக்கும் போயிருந்தது. மூன்று வீட்டில் எல்லம்மாவை வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். நோயாளிகளின் விவரங்களைக் கையாளும் வேலை என்பதால், இந்த விவகாரம் தீரும்வரை வர வேண்டாம் என்று கம்பெனி ஜீவிதாவை நிறுத்திவிட்டது. இன்னும் இரண்டு வாரத்தில் தீராவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்வார்கள்.

"பொண்ணு உம்மேலயே சந்தேகப்பட்ச்சி தம்பி. நாந்தான் அடிக்கப் போய்ட்டேன். இந்த அக்கா ஒண்ணுதான் வாங்குச்சின்னு ஸ்டேசன்ல வந்து ஒரு வார்த்த சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க," என்றாள் எல்லம்மா.

நாளைக்கு வருகிறேன் அக்கா என்றான் சாலமன். அவள் தலை மறைந்ததும் தினகரனுக்குப் போன் போட்டான். தினகரன் கத்தவில்லை. "நீ வாய தொறந்தா உள்ள போறது நீதான். மிஷின் உன் கையிலதான இருந்துச்சு? கொஞ்ச நாள் குன்றத்தூர் பக்கம் போய் உக்காரு," என்றான். அன்று சாயங்காலமே சாலமன் குடையைச் சுருட்டினான்.

குன்றத்தூர் மலையடிவாரத்தில் குடை விரித்து மூன்று வாரம் உட்கார்ந்தான். வீட்டில் மனைவி ஜாஸ்மின் ஏன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கேட்டதற்கு வெயில் என்று பூசி மெழுகினான். இரண்டு வாரக் கெடு முடிந்த நாளும் அவனுக்குத் தெரியும். அன்றைக்கு அவன் கிளம்பிப் போயிருக்கலாம். போகவில்லை, தேள் கொட்டிய திருடன் மாதிரி ஸ்டூலிலேயே கிடந்தான். கோழை என்று அவனை நாம் திட்டலாம், அவனே அதைவிட மோசமாகத் தன்னைத் திட்டிக்கொண்டுதான் இருந்தான். அதனால் ஊரப்பாக்கத்தில் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

பிறகு ஒருநாள் செங்கல் இறக்கும் ஆள் ஒருவர், மகன் படிப்புக்கு லேப்டாப்பில் நெட் வேண்டும் என்று வந்தார். மிஷினில் விரல் வைத்தார். அந்தத் தடவை நிஜமாகவே ஏறவில்லை, சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னொரு தடவை வையுங்கள் என்று சொல்ல வேண்டும். அந்த மனிதர் தானாகவே கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைக்கப் போனார். சாலமன் மிஷினைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுவிட்டு, எல்லம்மாவின் ஃபாரத்தில் இருந்த விலாசத்துக்கு நேரே பஸ் ஏறினான்.

ஊரப்பாக்கத்து வீட்டில் ஜீவிதா அப்பாவைப் புரட்டிக்கொண்டிருந்தாள். சாலமன் வாசலில் நின்றபடியே ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். ஏசுபாதம் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எல்லம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்போ, அன்னிக்கி என் வெரலு மொத தபாவே ஏறிச்சா?"

சாலமன் தலையாட்டினான். அவள் அழுதிருந்தால், நாலு அறை அறைந்திருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் உள்ளே போய்விட்டாள்.

ஸ்டேஷனில் எழுத்தர் அவன் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். தினகரனையும் கூப்பிடுவோம், உன்னையும் விடமாட்டோம் என்றார். கூட வந்திருந்த ஜீவிதாவிடம், கேஸ் வேறு மாநிலத்தில் இருக்கிறது, இது அங்கே போய், அவர்கள் பார்த்து, உங்கம்மா பெயரை எடுக்க வருஷக்கணக்காகும் என்று மறைக்காமல் சொன்னார். அவரும் என்ன செய்வார்.

ஜீவிதா தன் போனில் கம்பெனி மேலாளர் ஸ்ரீவத்சனைக் கூப்பிட்டு, சாலமன் கையில் கொடுத்தாள். அவன் திக்கித் திணறி நடந்ததைச் சொன்னான். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பெண் மேல் தப்பில்லை என்று தனக்கு முன்பே தோன்றியது என்றார். ஆனால் கெடு முடிந்து வேறு ஆளை எடுத்தாகிவிட்டது, கேஸில் பெயர் இருக்கும்வரை மேலே யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டார்.

சாலமன் போனைத் திருப்பிக் கொடுத்தான். மன்னிச்சிடும்மா என்றான்.

ஜீவிதா அவனை நிமிர்ந்து பார்த்தாள். குரலை உயர்த்தாமல்தான் பேசினாள்.

"ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தாக்கூட வேலை இருந்திருக்கும் அண்ணா. நீங்க செஞ்சது சின்ன தப்புன்னு நினைச்சிருப்பீங்க, ஒரு சிம்முதானேன்னு. ஏழைங்களுக்குச் சொத்துன்னு இருக்கறது பேரு ஒண்ணுதான். எங்களுக்குத் தெரியாம அத எடுத்து எவனுக்கோ குடுத்துட்டீங்க. உண்மைய சொல்றதுக்கும் ஒரு நேரம் இருக்கு. அது தாண்டிட்டா, சொன்னவங்களுக்குத்தான் மனசு லேசாகும், பறிகொடுத்தவங்களுக்கு ஒண்ணும் திரும்பாது."

அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்கும் நேரம் ஆகிவிட்டது என்று எழுத்தரிடம் சொல்லிக்கொண்டு அவள் கிளம்பினாள்.