விழியிலார் நகரின் ஓவியம்

நீரிணை உருக்கிய வெள்ளிபோல் மின்ன, அலையாத்தி வேர்களினூடே நண்டுகள் விரைய, மீன்படகுகள் ஒவ்வொன்றாய்க் கரைசேரும் பொந்தியானின் காலைப்பொழுதைச் சற்றே உளத்தில் நிறுத்துங்கள், நல்லோரே. அவ்வழகு அனைத்தையும் காண மறுத்து, கருந்துணியால் தன் கண்களை இறுகக் கட்டி, கணவன் ரூபேந்திரனின் தோளைப் பற்றியவளாய் மீன்சந்தைக்குள் நுழைந்தாள் ஓர் ஓவியக்காரி. தேன்மொழி என்பது அவள் பெயர்.

ஸ்கூடாயில் வாழ்ந்த அவளிடம், தம்போயைச் சேர்ந்த எழுத்தாளர் வினிஃப்ரெட் தம் புனைகதைக்கு அட்டைப்படம் வேண்டியிருந்தார். தொலைவிண்மீன் ஒன்றைச் சுற்றும் உலகில், விழியே இல்லா மாந்தர் மணத்தால் தெருவறிந்து, ஒலியால் உறவறிந்து வாழும் நகரின் கதை அது. தேன்மொழியோ பாரசீக மாடங்களையும் சீனக் கூரைகளையும் மாயர்தம் படிக்கட்டுக் கோயில்களையும் ஒன்றாய்க் குழைத்து, வண்ணம் பொங்க மும்முறை வரைந்தாள். மும்முறையும் மறுப்பே வந்தது. நோயால் பார்வை இழந்திருந்த வினிஃப்ரெட், தம் மகள் படத்தை எடுத்துரைக்கக் கேட்டுவிட்டு மென்மையாகவே சொன்னார்:

"அழகா இருக்குன்னுதான் மக சொல்றா. ஆனா அது கண்ணுள்ளவங்க கட்டின ஊரு. என் ஆளுங்க கூரைக்கு எதுக்கும்மா வண்ணம் பூசப் போறாங்க? இன்னொரு தடவை பாருங்க. வரலன்னா, படமில்லாமலே அச்சுக்குக் கொடுத்துடறேன்."

அச்சொல் நெஞ்சில் தைத்ததால்தான் இந்தக் கண்கட்டு. முதலில் அச்சமே மிகுந்தது. பின்னர், கருவாட்டின் உப்புநெடி இடப்புறம் சுவராய் எழ, அரிந்த அன்னாசியின் இன்மணம் வலப்புறம் வாயிலாய்த் திறக்க, சீனர் கோயிலின் ஊதுவத்திப் புகை தலைக்குமேல் கூரையாய்க் கவிய, இதோ ஒரு நகர் என்று அவள் உள்ளம் துள்ளியது. பற்றிய தோளை விட்டாள்.

"தோளை விடாதே, விழுந்துடுவே," என்றான் ரூபேந்திரன்.

"விழட்டுமே. அந்தப் பக்கம் காத்து குளிருதுங்க, அங்கதான் கடல்," என்று நடந்தவள், குவிந்திருந்த கிழிவலையில் இடறி அதன்மேலேயே விழுந்தாள். எழ மனமின்றி, ஈரம் உலராத அவ்வலையை விரலால் தடவினாள். முடிச்சுகள் முச்சந்திகளாயின, இழைகள் தெருக்களாயின, கிழிசல்கள் வெளிகளாயின. வலைக்குரிய மீனவரிடம் கேட்டு, அதை மார்போடு அணைத்துக்கொண்டே வீடு திரும்பினாள்.

வலையும் கயிறும் மணலும் கோரைப்பாயும் பலகைமேல் ஒட்டி, வண்ணம் துளியும் தீண்டாமல், கண்மூடியே தான் ஆக்கிய நகரை வினிஃப்ரெட்டின் மடியில் வைத்தாள் தேன்மொழி. முதியவரின் விரல்கள் மெல்ல ஊர்ந்தன, விரைந்தன, ஓரிடத்தில் நின்றன.

"இது சந்தை. இது படித்துறை. எல்லாம் என் ஊருதான். ஆனா இந்தத் தெரு என் கதையில இல்லையே. எங்கம்மா போகுது?"

"எனக்கும் தெரியலைங்கம்மா. நீங்கதான் எழுதணும்."

வினிஃப்ரெட் வாய்விட்டுச் சிரித்தார். "அப்போ அச்சுக்காரங்க காத்திருக்கட்டும். உங்க படத்தை அட்டையில மேடாவே பதிக்கச் சொல்றேன்," என்றவர், அப்போதே மகளை அழைத்துப் புதிய இயலொன்றைச் சொல்லத் தொடங்கினார்.

ஒருவர் உள்ளத்தில் முளைத்த உலகு மற்றொருவர் கைபட்டுக் கிளைக்கும். அக்கிளையை வெட்டாது, அது நீளும் திசையில் தானும் நடக்கத் துணியும் நெஞ்சமே கலை நெடிது வாழும் நிலமாகும்.